ஷிப்ட் முடிந்தும் ஓயாத மனசு

ஐயா,

எனக்கு 24 வயது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறி மாறி தூக்கம் கெட்டு, வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட எரிந்து விழுந்தேன், பிறகு அதை நினைத்தே விடிய விடிய வருத்தப்பட்டேன். பக்கத்து சீட் நண்பனிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டியபோதுதான் அவனுக்கும் இதே நிலைமை என்று தெரிந்தது.

இப்போது ஞாயிறு சாயங்காலம் ஐந்தாறு பேர் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய், செல்போனைப் பையில் போட்டுவிட்டு இருட்டும்வரை பேசுகிறோம், சில நாள் பேசாமலே உட்கார்ந்திருப்போம். வண்டிக் கடன் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வாய்விட்டுச் சிரிக்க முடிகிறது.

அப்புறம் ஒன்று. டெலி மானஸ் எண் 14416-ல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். 2022 முதல் இருக்கும் இந்தச் சேவை எங்கள் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை! ஊரை விட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு மனம்விட்டுப் பேச ஆள் ஏது? ஓசூர் சிப்காட் பஸ் நிறுத்தங்களிலும், கிருஷ்ணகிரி, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுகளிலும் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்