மூலத்தில் இல்லை

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு மறுநாள் பதினொரு நிமிடம் பேசியதற்குப் பிறகு நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் கட்டைவிரலை நான் கடிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தக் கடிதம் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றியது. உன் அத்தை மகன் வந்திருந்தபோது நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆப்பிள் டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஐசக் அசிமோவின் அறிவியல் புனைகதைகளைத் தழுவிய ‘ஃபவுண்டேஷன்’ தொடரின் மூன்று சீசன்களையும், பத்துப் பத்தாக முப்பது பகுதிகளையும், ஒன்றுவிடாமல் பார்த்து முடித்துவிட்டேன். 2021இல் அது வெளிவந்தபோது நீ இங்கேயே இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். முதல் இரண்டு பகுதிகளை மடிக்கணினியில் எனக்குக் காட்டினாய். இரண்டாவது பகுதியின் நடுவிலேயே நான் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தேன். “இது அசிமோவே இல்லை, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்” என்று அடுக்களையிலிருந்தே தீர்ப்பும் சொன்னேன். நீ பதில் சொல்லாமல் மடிக்கணினியை மூடினாய். ஒன்றரைப் பகுதியைப் பார்த்துவிட்டுச் சொன்ன அந்தத் தீர்ப்பை நான்கு ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு விடைத்தாள் திருத்தியவள் என்பதால், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எடுத்தால் முழு மதிப்பெண், மாற்றினால் கழிவு என்பதுதான் தழுவல்களுக்கு நான் வைத்திருந்த முறை. அந்த முறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான், 2000இல் வெளிவந்த ‘ட்யூன்’ குறுந்தொடரை முன்பு உனக்குச் சிபாரிசு செய்தேன். 1984இன் திரைப்படம் அவசர அவசரமாகத் தாண்டிப்போன பல இடங்களில் அது நிதானமாக நின்றது உண்மை. ஆனால் பாலைவனக் கதையைப் பிராகில் ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குள் எடுத்திருந்தார்கள். கதை மாந்தர் மணலைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தாகம் எடுக்கவில்லை. நோட்ஸில் உள்ள கணக்கை ஒரு வரி பிசகாமல் ஒப்பித்த பெண்ணுக்கு மதிப்பெண் போட்ட பிறகு நமக்கு வரும் சிறு ஏமாற்றம் இருக்கிறதே, அது அப்போதும் வந்தது. அதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

அந்த முறை எனக்கு முற்றிலும் உடைந்தது சீனக் கதையில். லியூ சிஷினின் ‘த்ரீ-பாடி ப்ராப்ளம்’ நாவலைச் சீன நிறுவனமான டென்சென்ட் 2023இல் முப்பது பகுதிகளாக, அத்தியாயத்துக்கு அத்தியாயம் பின்தொடர்ந்து எடுத்தது. மறு ஆண்டு நெட்ஃப்ளிக்ஸ் எட்டே பகுதிகளில் எடுத்து, கதையை இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டுபோய், ஒரு சீன விஞ்ஞானியின் இடத்தில் ஐந்து நண்பர்களை வைத்துவிட்டது. என் பழைய முறைப்படி முதலாவதற்குத் தொண்ணூறு, இரண்டாவதற்கு முப்பது. ஆனால் கலாச்சாரப் புரட்சியின்போது மேடையில் நிறுத்தி அடித்துக் கொல்லப்படும் இயற்பியல் பேராசிரியரும், அதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய மகளும் இல்லாமல் அந்த நாவலே கிடையாது. அந்தப் பெண் பிறகு செய்வதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வரிக்கு வரி விசுவாசமான தொடர் அந்த இடத்தை அடக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டது. ஊரையே மாற்றிய தொடர் அதைத்தான் முதல் காட்சியாக வைத்தது. இதில் இன்னொரு வேடிக்கை, சீன மொழிப் பதிப்பிலேயே அந்த அத்தியாயங்கள் புத்தகத்தின் நடுவுக்குத் தள்ளப்பட்டிருந்தன. 2014இல் கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோதுதான், ஆசிரியரின் சம்மதத்தோடு, அவை முன்னுக்கு வந்தன. அப்படியானால் எது மூலம்? நான் எந்தத் தாளை வைத்துத் திருத்துவது?

ஃபவுண்டேஷனுக்கு வருகிறேன். அசிமோவ் அந்தக் கதைகளை 1942 முதல் ஒரு மாத இதழில் தனித்தனியாக எழுதினார் என்பதும், முதல் கதையை இதழாசிரியர் கேம்ப்பெல்லிடம் சொன்னபோது அவருக்கு வயது இருபத்தொன்று என்பதும் உனக்கு நான் பலமுறை சொன்னவை. கதைக்குக் கதை முப்பது, ஐம்பது ஆண்டுகள் தாண்டிவிடும். போன கதையில் பார்த்தவர்கள் இந்தக் கதையில் பெயராக மட்டும் இருப்பார்கள். போர்கள் எல்லாம் வெளியே நடக்கும். நமக்குக் கிடைப்பது ஓர் அறையும், இரண்டு பேரும், அவர்களுடைய பேச்சும். படிக்கிறவருக்கு அது சுகம். பார்க்கிறவர் ஒரு முகத்தோடு பழகிய பிறகு அந்த முகத்தைப் பிடுங்கிக்கொண்டால் தொடரை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

இந்தச் சிக்கலுக்குத் தொடரின் எழுத்தாளர்கள் கண்டுபிடித்த விடையைத்தான் நான் அன்று பார்க்காமல் அடுக்களைக்குப் போனேன். விண்மீன் மண்டலம் முழுவதையும் ஆளும் பேரரசன் கிளியோனைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து, விடியல், பகல், அந்தி என்று ஒரே மனிதனை மூன்று வயதுகளில் ஒரே மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுகள் ஓடினாலும் அதே லீ பேஸின் முகம். ஆனால் உள்ளே இருப்பவன் அவன் அல்லன். சிறியவன் பெரியவனைப் பார்த்துத் தன் நாளையைத் தெரிந்துகொள்கிறான், கிழவன் இருவரையும் பார்த்துப் பொருமுகிறான். பேரரசு அழுகுவதை அசிமோவ் விவாதத்தால் நிறுவினார். இவர்கள் ஒரு சாப்பாட்டு மேசையில் காட்டிவிட்டார்கள். புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. முப்பது பகுதிகளிலும் மிகச் சிறந்தது இதுவே என்று அசிமோவை நாற்பது ஆண்டுகளாகப் படிக்கிறவள் சொல்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. “வன்முறை கையாலாகாதவரின் கடைசிப் புகலிடம்” என்று புத்தகத்தில் சொன்ன நகரத் தலைவர் சால்வர் ஹார்டின், தொடரில் துப்பாக்கியோடு அலைகிறாள். ஆணாக இருந்த ஹார்டினைப் பெண்ணாக்கியதில் எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. முதல் புத்தகத்தில் பெண்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பது அசிமோவுக்கு நான் போட்ட பழைய கழிவு. ஆனால் அவளுக்கு முன்கூட்டியே உணரும் ஒரு தனிச் சக்தியைக் கொடுத்ததுதான் தவறு. கதையில் வரும் கணித மேதை செல்டன், வருங்காலத்தைக் கணிக்க வகுத்த சைக்கோஹிஸ்டரி என்ற கணக்கு, கோடிக்கணக்கான மக்களின் போக்கைச் சொல்லும், ஒற்றை மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தக் கதையின் அடிப்படைத் தேற்றம் அது. தனி ஒருத்தியின் அபூர்வ வரத்தால் நெருக்கடி தீர்ந்தால் கணக்கு எதற்கு? நகல் மன்னர்களைச் சேர்த்தவர்கள் நூலின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடையை மாற்றினார்கள். ஹார்டினுக்கு வரம் கொடுத்தவர்கள் கேள்வியையே அழித்துவிட்டார்கள். இரண்டுமே மூலத்தில் இல்லாதவை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சைக்கோஹிஸ்டரி என்றதும் உன் வேலை நினைவுக்கு வருகிறது. ஆக்சுவரி என்ற காப்பீட்டுக் கணக்குத் தேர்வுகளை ஒரே மூச்சில் எழுதியவள் நீ. அந்த முடிவு வந்த தாளை அப்பா இன்றும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், மடிப்பில் கிழிந்துவிட்டது, செல்லோடேப் ஒட்டியிருக்கிறார். ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் எந்த வயதில் என்று உனக்குச் சொல்லத் தெரியும். ஒருத்தியைப் பற்றிச் சொல்ல அந்த அட்டவணைகளுக்குத் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். வேலை மாறுகிறவர்கள் வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழித்துவிடக் கூடாது. மருத்துவக் காப்பீடு ஒரு நாள்கூட அறுந்துவிடக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். சித்தப்பாவின் அச்சகம் எப்படி முடிந்தது என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புத்தகத்தில் நாம் இருவரும் சேர்ந்து சிரிக்கும் இடம் ஒன்று உண்டே, தொடரில் நான் ஆசையாக எதிர்பார்த்து ஏமாந்தது அதைத்தான். பேரரசின் தூதராக டோர்வின் பிரபு வந்து, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு ஐந்து நாள் பேசுவார். அவ்வளவு பேச்சையும் குறியீட்டுத் தர்க்கத்தில் போட்டு, வெறும் அலங்காரத்தையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிச்சம் சுழியம். ஐந்து நாளில் மனிதர் எதையுமே சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாதபடி பேசியிருக்கிறார். வேறெந்த எழுத்தாளர் எங்களைப் போன்ற கணக்கு டீச்சர்களுக்கு இப்படி ஒரு காட்சியை எழுதிக் கொடுத்திருக்கிறார்? தீபாவளிக்கு மறுநாள் நீ பேசிய பதினொரு நிமிடத்தையும் நான் அதேபோல் கழித்துப் பார்த்தேன். வானிலை, அப்பாவின் சர்க்கரை, மாடி ஒழுகல், நெரிசலான ரயில். மிச்சத்தை நீயே கணக்கிட்டுக்கொள். சென்ற வாரம் உன் அலுவலக எண்ணுக்கு அழைத்தேன். வேறொரு பெண் எடுத்து மரியாதையாகப் பேசினாள். இருக்கட்டும். உன் அத்தை மகன் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் அவனைக் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. ஆனால் “இந்த மாதிரித் தொடர்களை எழுத்தறை என்று ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து எழுதுவார்களாம் அத்தை, பம்பாயில்கூட இப்போது வந்துவிட்டது” என்று ஏன் அவனாகவே சொன்னான், சொல்லிவிட்டு ஏன் காபியை அவ்வளவு அவசரமாகக் குடித்தான் என்றுதான் விளங்கவில்லை.

முப்பதாவது பகுதி முடிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அப்பாவை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பரணில் ஏறினேன். (இந்த முழங்காலோடு ஏன் ஏறினாய் என்று நீ கேட்கலாம், கேட்பதற்காவது தொலைபேசியில் கூப்பிடு.) பதினொன்றாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவுக்காக ஹார்டின் கதையை நாடகமாக எழுதினாயே, அந்த நாற்பது பக்க நோட்டு உன் வரைபடப் பெட்டிக்கு அடியில் இருந்தது. பின் துருப்பிடித்து, நடுத்தாள் கையோடு வந்துவிட்டது. அட்டையில் உன் பெயர்; அதற்குக் கீழே சிவப்பு மையில் என் எழுத்தில் 42/100. பிள்ளை எழுதிய நாடகத்துக்கு எந்தத் தாய் நூற்றுக்கு மதிப்பெண் போடுவாள் என்று நினைத்துக்கொண்டு, பரணிலேயே உட்கார்ந்து படித்தேன்.

நீயும் ஹார்டினைப் பெண்ணாக்கியிருந்தாய். அந்த இடத்தில் ஓரத்தில் ‘மூலத்தில் இல்லை’ என்று நான் எழுதியிருந்தேன். மொத்தம் ஏழு இடங்களில் அப்படி எழுதியிருக்கிறேன். செல்டன் தன் பேச்சைப் பதிந்து வைத்துவிட்டுப்போன, ஐம்பது ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும் காலப் பெட்டகத்தின் முன்னறையைத் தினமும் கூட்டிப் பெருக்கும் ஒரு கிழவியை நீ படைத்திருக்கிறாய். முதல் காட்சியில் அவள் சிறுமி, கடைசிக் காட்சியில் கூன் விழுந்தவள். செல்டனின் உருவம் தோன்றிப் பேசும் நாளில் பெரியவர்கள் எல்லோரும் நாற்காலிக்கு முண்டியடிக்கிறார்கள். எந்த நாற்காலி கிரீச்சிடும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஐம்பது ஆண்டுகளைத் தாண்டும் ஒரு முகம் வேண்டும் என்று, இத்தனை பணத்தையும் இத்தனை மூளைகளையும் வைத்துக்கொண்டு அவர்கள் கண்டுபிடித்ததை, நீ பதினாறு வயதில் ஒரு துடைப்பத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாய். அந்தப் பக்கம் முழுவதையும் நான் குறுக்கே அடித்திருக்கிறேன். அடித்த வேகத்தில் பேனா முனை தாளைக் கிழித்திருக்கிறது.

விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன். என் மகள் என்பதால் சலுகை காட்டக் கூடாது என்று உன்னிடம் அப்போது சொன்னேன். அது பொய், கண்ணு. மற்ற இரண்டு டீச்சர்களும் உன்னுடையதைத்தான் கேட்டார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். புத்தகத்தை அவர்கள் படித்ததில்லை, நான் படித்திருந்தேன், என் புத்தகத்தில் நீ கை வைத்துவிட்டாய் என்று எனக்குக் கோபம். அதற்குப் பிறகு நீ எதையும் எழுதி என்னிடம் காட்டியதில்லை. எழுதவே இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கில் புகுந்துவிட்டாய் என்று பெருமைப்பட்டேன்.

இப்போது திருத்தினால் எழுபத்தெட்டு போடுவேன். மூன்றாம் காட்சியில் பக்கத்து அரசான அனாக்ரியானின் தூதன் பேசும் பேச்சு இன்னும் நீளம்தான், அதை நீ குறைத்தே ஆக வேண்டும்; துருப்புச் சீட்டைக் கடைசிவரை கையில் வைத்திருக்கும் ஹார்டின், உன் நாடகத்தில் பாதியிலேயே காட்டிவிடுகிறாள். இவற்றைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். சிவப்பை அழிக்கப் பார்த்தேன், மை தாளோடு ஊறிவிட்டது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இரவு வெகு நேரம் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு முதலில் கெடுவது வயிறு.

நோட்டைத் தபால் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். நாளை அப்பா விரைவு அஞ்சலில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். அலுவலக முகவரிக்கு அனுப்பலாம் என்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. எங்கே அனுப்பினால் உன் கைக்கு வரும் என்று எழுது.

அன்புடன்,
அம்மா