யூஜின் வில்லியம்ஸ் பெயரைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் சிகாகோ ஏரிக்கரைகள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "1919இல் இங்கே தெப்ப விபத்தில் ஒரு சிறுவன் இறந்ததையொட்டிச் சிறு சலசலப்பு ஏற்பட்டது, மற்றபடி அன்றுமுதல் இன்றுவரை எல்லோருக்கும் திறந்திருக்கும் கரை." இந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சிறுவனுக்குப் பெயர் உண்டு. யூஜின் வில்லியம்ஸ், வயது 17. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். நண்பர்களோடு, தாங்களே கட்டிய மரத் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்தான். அப்போது 25ஆம் தெருக் கரை கறுப்பின மக்களுக்கு, 29ஆம் தெருக் கரை வெள்ளையருக்கு என்பது வழக்கம். இரண்டுக்கும் நடுவே அரை மைல்கூட இராது. தண்ணீரில் கயிறோ மிதவையோ கட்டி யாரும் எல்லை போடவில்லை. அப்படிப் பிரிக்கச் சட்டமும் கிடையாது; பொது இடங்களில் நிறம் பார்க்கக் கூடாது என்று இலினாய் மாநிலம் 1885இலேயே சட்டம் போட்டிருந்தது. தெப்பம் தெற்கே ஒதுங்கியது, கரையிலிருந்து கற்கள் வந்தன.

உடலில் கல்லடிக் காயம் இல்லை, கல்வீச்சுக்குப் பயந்து கரையேற முடியாமல் மூழ்கினான் என்று மரண விசாரணையில் முடிவு செய்தார்கள். கூடவே இருந்த நண்பர் ஒருவரோ, நெற்றியில் கல் பட்டதைக் கண்ணால் பார்த்ததாகப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் அதை விபத்து என்று எழுத முடியாது.

கல்லெறிந்தவர் இவர்தான் என்று ஆட்கள் கைகாட்டியும், அங்கிருந்த வெள்ளைக்காரக் காவலர் அவரைக் கைது செய்ய மறுத்தார். அதே நேரத்தில் ஒரு வெள்ளையர் கொடுத்த புகாரின்பேரில் கறுப்பினத்தவர் ஒருவரைப் பிடித்தார். கலவரம் மூண்டது அங்கேதான். இறந்தவர்கள் 38 பேர். 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். காயம் 537 பேருக்கு. வீடிழந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். மாநிலப் படை இறங்கவேண்டி வந்தது. ஆளுநர் அமைத்த ஆணையம் 1922இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இவ்வளவும் இருக்கிறது. தாங்கள் அறியாததல்ல, அறிந்தும் அந்த வரியை எப்படி அச்சுக்கு விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

"இன்றுவரை எல்லோருக்கும்" என்பதும் சரியில்லை. 1960 ஆகஸ்டில், இன்னும் தெற்கே, 75ஆம் தெருவை ஒட்டிய ரெயின்போ பீச்சுக்குக் கறுப்பினத்தவரும் வெள்ளையருமாகச் சேர்ந்து போன இளைஞர்கள்மீது ஒரு கும்பல் கல்லெறிந்தது. 1919 முடிந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ஏரி, அதே கல். அடுத்த கோடையிலும் அவர்கள் விடாமல் போய், போலீஸ் காவலோடு தண்ணீரில் இறங்கித்தான் அந்தக் கரை திறந்தது.

படக்குறிப்பிலும் பிழை. நீங்கள் போட்டிருப்பது 31ஆம் தெருவின் இன்றைய கரை. அதைக் "கலவரம் தொடங்கிய இடம்" என்கிறீர்கள். 1919இல் ஏரி ரயில் பாதையை ஒட்டியே இருந்தது. பிறகு ஏரியைத் தூர்த்து பர்ன்ஹாம் பூங்காவை உண்டாக்கியபோது அந்தக் கரையே மண்ணுக்குள் போய்விட்டது. 29ஆம் தெருப் பக்கம் 2009இல் வைத்த ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. படம் வேண்டுமென்றால் அதைப் போட்டிருக்கலாம்.

தண்ணீர் பற்றிய பத்தியையும் சொல்லியாக வேண்டும். நீர்ப் பரிசோதனை என் தொழில். முந்தைய நாள் முடிவைப் பார்த்து, நீந்தலாமா கூடாதா என்று காட்டும் கொடியை ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிருமியை வளர்த்து எண்ணும் பழைய முறைக்கு 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும், அதனால் நேற்றைய தண்ணீருக்கு இன்று கொடி ஏறியது உண்மை. 2017 முதல் சிகாகோவில், கிருமியை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவை நேரே அளக்கும் முறை. காலையில் எடுத்த மாதிரிக்குச் சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். மாதிரி எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். முழங்காலுக்கு மேல் ஆழத்தில் நின்று, கலங்கல் அடங்கவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்தபடியே ஓர் அடி ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். கணுக்கால் தண்ணீரில் மொண்டால் ஈரமணலில் தங்கிய கடற்காக எச்சமும் பாசியும் கலந்து எண்ணிக்கை எகிறும். தண்ணீர் கெடுவதற்கு "ஆலைக் கழிவுதான் காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சிகாகோ ஆற்றை 1900இலேயே ஏரியை விட்டுத் திருப்பிவிட்டார்கள்; பெருமழையில் மதகைத் திறந்தால்தான் சாக்கடை கலந்த ஆற்று நீர் ஏரிக்குள் வரும். மற்ற நாட்களில் பறவை எச்சமும் கரையில் அழுகும் பாசியும்தான் பெரும்பாலும் தொல்லை.

இதே பகுதியில் முன்பு வந்த பிழைகளுக்கும் கடிதம் போட்டேன். பிரசுரமும் இல்லை, பதிலும் இல்லை. இதழை நிறுத்த மனமில்லாமல் இன்னும் சந்தா கட்டிவருகிறேன்.

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போட்டால் போதும். படக்குறிப்பைச் சரிசெய்யுங்கள். "விபத்து" என்பதை எடுத்துவிடுங்கள். "ஒரு சிறுவன்" என்ற இடத்தில் யூஜின் வில்லியம்ஸ் என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சிகாகோ