நிஃப்டி ஃபியூச்சர்ஸ் பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

சேலம்,
21.04.2025.

அனுப்புநர்:
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உங்கள் பிப்ரவரி மாத வகுப்பு வாடிக்கையாளர். பதிவு எண் ரசீது நகலில் இருக்கிறது.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான பாடக் குறிப்பு, செலவைக் கழிக்காத லாபக் கணக்கு; கட்டணம் ரூ.28,320 திருப்பித் தருவது குறித்து.

ஐயா,

பிப்ரவரி 15, 16 தேதிகளில் நீங்கள் நடத்திய 'இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸ் டெக்னிக்கல் உத்திகள்' வகுப்பில் கலந்துகொண்டேன். நிஃப்டி என்னும் பங்குச்சந்தைக் குறியீட்டை முன்தேதி ஒப்பந்தமாக (ஃபியூச்சர்ஸ்) வாங்கி விற்கச் சொல்லித்தரும் வகுப்பு அது. கட்டணம் 24,000, ஜிஎஸ்டியோடு 28,320. முதல் நாள் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில். இரண்டாம் நாள் ஏற்காட்டில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படகு இல்லத்துக்குக் கூட்டிப் போய்விட்டீர்கள். சரி, அதை நான் புகாராகச் சொல்லவில்லை. படகு நன்றாகத்தான் இருந்தது.

முதல் புகார், கையில் கொடுத்த புத்தகம். அதில் நிஃப்டி ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவு, 25 என்று போட்டிருக்கிறது. 2024 நவம்பரிலேயே பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தி, லாட் 75 ஆகிவிட்டது. நான் படித்தது பிப்ரவரியில். 100 புள்ளி இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் வைத்தால் 2,500 ரூபாய்தான் போகும் என்று உங்கள் புத்தகம் சொல்கிறது. உண்மையில் போவது 7,500. வகுப்பில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டார். "அது பிரிண்டிங் மிஸ்டேக், கான்செப்ட்டைப் பாருங்கள்" என்று பயிற்சியாளர் உட்கார வைத்துவிட்டார். மூன்று மடங்கு வித்தியாசம் எங்கள் தெருவில் பிரிண்டிங் மிஸ்டேக் ஆகாது.

அடுத்தது உங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் கணக்கு. 15 நிமிட சார்ட்டில் 20, 50 மூவிங் ஆவரேஜ் (கடைசி 20, 50 விலைகளின் சராசரிக் கோடுகள்) வெட்டிக்கொள்ளும்போது வாங்கி விற்றால், ஒரு வருடத்தில் 212 டிரேடு, 1,850 புள்ளி லாபம் என்கிறீர்கள். நான் பட்டறைக்காரன். எங்களுக்குச் சேதாரம் என்று ஒன்று உண்டு. கம்பி இழுக்கும்போது கொஞ்சம், பற்றவைக்கும்போது கொஞ்சம், மெருகு போடும்போது கொஞ்சம் என்று வெள்ளி குறைந்துகொண்டே வரும். அதைக் கழிக்காமல் எவனாவது லாபம் சொன்னால் அவனிடம் ஒரு கிராம்கூடக் கொடுக்க மாட்டோம். அதனால் ஒரு ராத்திரி உட்கார்ந்து உங்கள் கணக்குக்கும் சேதாரம் போட்டுப் பார்த்தேன்.

நிஃப்டி 23,500 என்று வைத்துக்கொண்டால் 75 அளவுள்ள லாட்டின் மதிப்பு 17.6 லட்சம். விற்கும்போது எஸ்டிடி என்னும் பரிவர்த்தனை வரி 0.02 சதவீதம், அதுவே 352 ரூபாய். 2024 அக்டோபர் 1க்கு முன்னால் அது 0.0125 சதவீதம்தான், அந்த மாற்றமும் புத்தகத்தில் இல்லை. வாங்க 20, விற்க 20 என்று புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், இவை இரண்டின்மேல் ஜிஎஸ்டி, ஸ்டாம்ப் டூட்டி எல்லாம் சேர்த்தால் ஒரு டிரேடுக்குச் சுமார் 510 ரூபாய். புள்ளியில் சொன்னால் 6.8. 212 டிரேடுக்கு 1,441 புள்ளி. உங்கள் 1,850இல் மிச்சம் 409. நாம் நினைத்த விலையிலேயே ஆர்டர் விழுவதும் இல்லை. போகும்போது ஒரு புள்ளி, வரும்போது ஒரு புள்ளி நழுவினால்கூட 424 போய்விடும். ஆக 15 புள்ளி நஷ்டம்.

மூன்றாவது விஷயத்தில் என் தவறும் உண்டு, மறைக்கவில்லை. விலை ஏறி இறங்கும் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே போய்த் திரும்பினால் வாங்கு, 70 வரும்வரை வைத்திரு என்பது உங்கள் இரண்டாவது உத்தி. ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு லாட் வாங்கினேன். சனி, ஞாயிறு இடையில் வருகிறதே என்று உங்கள் ஆப் குழுவில் கேட்டதற்கு, "ஸ்டாப் லாஸ் இருக்க பயம் ஏன்?" என்று பதில் வந்தது. சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலை மார்க்கெட் மூடியதும் ரத்தாகிவிடும் என்றோ, காலையில் மறுபடி போட்டாலும் இடைவெளி விட்டுத் திறக்கும் மார்க்கெட்டில் அது நம் விலையில் நிற்காது என்றோ இரண்டு நாள் வகுப்பில் ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்க வரி அறிவிப்பின் பயத்தில், வெள்ளியன்று 22,904இல் முடிந்த நிஃப்டி திங்களன்று 21,758இல் திறந்தது. பயந்து விற்றேன். 78,000 சொச்சம் போனது. அன்று சாயங்காலம் நிஃப்டி 22,161க்கு ஏறி முடிந்ததைப் பட்டறையில் இருந்துகொண்டே பார்த்தேன். அப்புறம் வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது.

அந்த 78,000ஐ நான் உங்களிடம் கேட்கவில்லை. பட்டன் அழுத்தியது என் விரல். ஃபியூச்சர்ஸ் போன்ற ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர் டிரேடர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபியே சொன்னது, படித்திருந்தும் இறங்கினேன். நான் கேட்பது கட்டணத்தை மட்டும். பாடத்தில் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு 64ஆவது நாள். இதுவரை நான்கு முறை போன் செய்துவிட்டேன். மூன்று முறை "கூப்பிடுகிறோம் சார்" என்றார்கள். நான்காவது முறை, 45,000 ரூபாய் 'அட்வான்ஸ்டு' வகுப்பில் சேர்ந்தால் இந்த நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு பெண் ஆலோசனை சொன்னார்.

இன்னொன்று. நீங்கள் பயிற்சி நிறுவனம் மட்டுமே என்றால், கடைசி மூன்று மாத விலைகளை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரி 29 தேதியிட்ட செபி சுற்றறிக்கை இருக்கிறது. உங்கள் குழுவில் தினமும் காலை 9.20க்கு "இந்த விலைக்கு மேல் வாங்கலாம்" என்று செய்தி வருகிறது. செபி பதிவு எண் உங்களிடம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். புத்தகத்திலும் ரசீதிலும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ரூ.28,320ஐ நான் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். 1,850 புள்ளி விளம்பரத்தில் செலவைக் கழித்துப் போடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இந்தத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணம்கூடக் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். குழுச் செய்திகள் தனியாகச் செபிக்குப் போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீது இரு பக்க நகல், புத்தகத்தின் லாட் அளவு உள்ள பக்கம், குழுச் செய்திகளின் படங்கள், ஏப்ரல் 4, 7 தேதிகளின் கான்ட்ராக்ட் நோட் (புரோக்கர் தரும் வர்த்தக ரசீது).