பகல் ஒரு மணிக்கு வந்த பயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் தமிழ்ப் பேய்ப்படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வகைப் படங்களுக்கு அத்தனை இடம் கொடுத்தவர், 2009-இல் விக்ரம் குமார் இயக்கத்தில் வந்த ‘யாவரும் நலம்’ படத்தை மட்டும் இரண்டாம் பாதி சொதப்பல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சொதப்பல் உண்டுதான். பயம் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டூயட் வந்து நிற்கிறது. இடைவேளைக்கு அப்புறம் படம் துப்பறியும் கதையாகி, 1977-இல் நடந்தது இதுதான் என்று ஒவ்வொரு முடிச்சாக உட்கார்ந்து அவிழ்க்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லச் சொல்ல பயம் குறைந்துகொண்டே போகிறது. சரி, இதெல்லாம் குறைதான்.

ஆனால் அந்த முதல் பாதியை யோசித்துப் பாருங்கள். பாழடைந்த பங்களா கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது. கடன் வாங்கி அடுக்குமாடியில் வீடு வாங்கி, பதின்மூன்றாவது மாடிக்குக் குடிவரும் ஒரு கூட்டுக்குடும்பம், அவ்வளவுதான். பூஜை அறைச் சுவரில் சாமி படம் மாட்ட ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. பால் தினமும் கெட்டுப்போகிறது. பக்கத்து வீட்டுப் பார்வையற்றவரின் நாய் வாசலோடு நின்றுவிடுகிறது. மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது, வேறு யாராவது ஏறினால் ஒழுங்காகப் போகும். ஒவ்வொன்றும் நம் வீட்டில் நடந்தால் எலக்ட்ரீஷியனையோ பால்காரரையோ திட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய விஷயம். அதனால்தான் அவை இவ்வளவு உறுத்துகின்றன.

அப்புறம் அந்த டிவி. பகல் ஒரு மணி ஆனால் ஒரு சீரியல் ஓடும், வீட்டுப் பெண்கள் எல்லாரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அதில் வரும் குடும்பமும் புதுவீட்டுக்குக் குடிவந்த குடும்பம்தான், அங்கே மருமகள் கர்ப்பம் என்றால் இங்கேயும் மருமகள் கர்ப்பம், அங்கே கரு கலைந்தால் இங்கேயும் கலைகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தங்கள் கதை என்று உறைக்கவே இல்லை, மாதவனுக்கு மட்டும்தான் தெரிகிறது, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. என் அம்மா மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரிமோட்டோடு அப்படித்தான் உட்காருவார். தியேட்டரில் படம் பார்த்த மறுநாள் மதியம், கூடத்தில் சீரியல் பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து போய் அம்மா என்ன பார்க்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தேன்.

பி.சி.ஸ்ரீராமின் கேமராவைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. படத்தில் இருட்டை நம்பிப் பயமுறுத்தும் இடங்கள் குறைவு. நல்ல வெளிச்சத்தில், சோபாவும் சாப்பாட்டு மேஜையும் தெளிவாகத் தெரியும்போதே இங்கே ஏதோ சரியில்லை என்று தோன்ற வைத்திருக்கிறார். இந்தப் படத்தின் சாதனையாக நான் நினைப்பது இதைத்தான், எத்தனை டூயட் வந்தாலும் இது போகாது.

போன வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகளோடு மறுபடியும் பார்த்தேன். பாட்டு வந்தபோதெல்லாம் ஓட்டிவிடச் சொன்னாள், பாதி நேரம் கண் செல்போனில்தான் இருந்தது. மாதவன் வீட்டுக்குள் தன்னையே போட்டோ எடுத்து முகம் கோணலாக விழுவதைப் பார்த்து, வெளியே வந்து எடுத்தால் சரியாக விழுகிற இடம் வந்ததும் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். படம் முடிகிறவரை அதை எடுக்கவே இல்லை.

கட்டுரையாளர் இன்னொரு முறை இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், முடிந்தால் வீட்டில், பகலில்.

இப்படிக்கு,
வாசகர்,
மதுரை.