கத்திரி முடிந்தும் வெயில் ஏன் குறையவில்லை?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் இருவர் மயங்கி விழுந்தார்கள். அன்று நீளமாகப் பேசியவன் நான்தான். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, தெளிந்த பிறகு மோர் கொடுத்தோம். மதியத்துக்குள் தேறிவிட்டார்கள். மாலையில் ஒருவரின் தந்தை, "கத்திரிதான் மே 28ஆம் தேதியே போய்விட்டதே ஐயா, இன்னும் என்ன வெயில்?" என்று கேட்டார். உங்களில் பலருக்கும் அதே கேள்வி இருக்கும்.

கத்திரி பஞ்சாங்கக் கணக்கு. வெப்ப அலை வானிலைத் துறையின் கணக்கு. அது மாதம் பார்த்து வருவதில்லை. கடலூர் போன்ற கடலோர ஊரில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் அது வெப்ப அலை. சமவெளிக்கு 40, மலைக்கு 30. "வேலூரில் 41, நமக்கு 38தானே" என்று ஆறுதல் கொள்வது தவறு. ஊருக்குப் பழகிய வெயிலை எவ்வளவு மீறுகிறது என்பதே முக்கியம். அந்த 38 டிகிரியும் நிழலில் அளந்தது. நம் மைதானத்தில் நிழல் கிடையாது.

மே மாதத்தில் பெரும்பாலும் மதியத்தையொட்டிக் கடற்காற்று வந்து காப்பாற்றிவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கிறது. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது அது வறண்டு சூடாகிவிடுகிறது. அந்த மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று கரையேறவே மாலையாகிறது. பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான். 2024இல் ஜூன் 6ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் 10ஆம் தேதிதான் திறந்தன. அவ்வாண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது.

பிள்ளைகளை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். கூழோ பழைய சோறோ போதும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். மாணவிகள் பலர் பாட்டிலை நிரம்பியபடியே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். விசாரித்தபோது, கழிப்பறைக்குப் போகத் தயங்கியே குடிப்பதில்லை என்றார்கள். தவறு எங்களுடையது. இனிப் பாட வேளையிலும் கழிப்பறை திறந்திருக்கும். அனுமதி கேட்டால் எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

வீட்டில் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

உடற்கல்வி வகுப்பு இம்மாதம் முழுவதும் காலை முதல் பாடவேளையில் நடக்கும். இறைவணக்கக் கூட்டம் வேப்பமரத்தடியில், ஐந்து நிமிடம் மட்டும். என் பேச்சும் அதற்குள் அடக்கம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்