சேலம் என்ற முன்பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் சேலத்து இசை வரலாறு பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சபாக்கள், செயலாளர்கள், வந்து பாடிய வித்வான்கள் எல்லாரும் இருந்தார்கள். பெண்கள் மட்டும் கடைசிப் பத்தியில், மாதர் பஜனைக் குழுக்களும் இயங்கின என்ற ஒற்றை வரியோடு சரி.

சேலம் கோதாவரியை எப்படி விட்டீர்கள்? கிராமபோன் வந்த புதிதில், 1900களின் தொடக்கத்திலேயே இசைத்தட்டில் பாடியவர். தட்டில் பாடினால் குரல் போய்விடும் என்று வித்வான்கள் பலர் ஒதுங்கி நின்ற காலம். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போலத் தேவதாசி மரபில் வந்த பெண்கள்தான் துணிந்து பாடினார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம். அதற்குள் ராகத்தைக் கோடி காட்டி, கீர்த்தனையையும் முடித்தாக வேண்டும். ஆலாபனைக்கே அரைமணி எடுப்பவர்களை அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் குழாய் முன்னால் உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

அதே நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அவர் நினைவாக அங்கே வருஷாவருஷம் நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். 1927இல் பெண்கள் கட்சி என்று தனியாகவே நடத்திக் காட்டினார்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு சின்னப் பெண்கள் கட்சி இருந்தது. 1970களில் புதன்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவி முடித்த கையோடு அம்மாவும் ஏழெட்டு மாமிகளும் சுருதிப் பெட்டியைச் சுற்றி உட்காருவார்கள். மாமனார் தூங்கும் வேறொரு மாமியின் வீட்டில் கூடும் வாரம் சுருதி ஒரு கட்டை இறங்கிவிடும். ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டதற்கு, நவராத்திரியில் கடவுள் வாழ்த்துப் பாடச் சொன்னார்கள். பாடினார்கள். அழைப்பிதழில் பெயர் போடவில்லை.

அம்மாவின் நீள நோட்டு என்னிடம் இருக்கிறது. தோடி வர்ணத்துக்குப் பென்சிலில் ஸ்வரம், மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, ஓரத்தில் 'இங்கே மூச்சு'. அதற்குக் கீழேயே அந்த மாதத்துப் பால் கணக்கு.

சேலத்தில் இப்படி நோட்டும் பழைய தட்டும் பரணில் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கும். வாசகர்களிடம் கேட்டு இன்னொரு கட்டுரை போடுங்கள். என் நோட்டைத் தருகிறேன். தையல் விட்டிருக்கிறது, அழுத்திப் பிரிக்காமல் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்