ஒரு பொருளுக்கு ஒரு கடை

அன்புள்ள மகளுக்கு,

மூக்குக்கண்ணாடியின் பிடி கழன்றுவிட்டது, இணையத்தில் புதிது எடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். எடுக்காதே பிள்ளை. நத்தாருக்கு வரும்போது அதை அப்படியே கொண்டு வா, ரொறொன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரின் பசிபிக் மாலுக்குப் போவோம்.

என்னுடையதை அங்கேதான் கொடுத்தேன். கடைக்காரர் எள்ளளவு திருகாணி ஒன்றைச் சாமணத்தால் எடுத்து வைத்து முடுக்கினார். பிறகு சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்து, என் காதில் மாட்டிப் பார்த்து, கழற்றி, இன்னும் கொஞ்சம் வளைத்தார். இந்த வேலையை எந்தப் பொதி அஞ்சல் செய்து தரும்?

சின்ன வயதில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே சுற்றியபோது இதைச் சொல்லித் தரவில்லை. 1997இல் அந்த மால் கட்டடத்தைத் திறந்தவர்கள், கடையறைகளை வாடகைக்கு விடாமல், அடுக்குமாடிக் கொண்டோ வீடுபோல் ஒவ்வொன்றாக விற்றார்கள். அதனால்தான் நானூறுக்கு மேற்பட்ட கடைகள், பெரும்பாலும் நம் சமையலறை அளவில். கூட்டம் இழுக்க ஒரு பெரிய பல்பொருள் அங்காடிகூடக் கிடையாது. ஸ்காபரோ டவுன் சென்டர் போன்ற பெரிய மாலில் இருக்கும் பெயர்ப்பலகைகளைத்தானே நீ இருக்கும் கல்கரியிலும் பார்க்கிறாய்? அங்கே கேட்கும் வாடகை பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும். இங்கோ சேமிப்பைப் போட்டு ஓர் அறை வாங்கிய குடும்பம், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருளை வைத்துப் பிழைக்கலாம். ஒரு கடையில் மருந்தாகச் சாப்பிடும் ஜின்செங் வேர் மட்டும், இன்னொன்றில் தேயிலை மட்டும். கைபேசி உறைக்கென்றும் பொம்மைக்கென்றும் தனித்தனிக் கடைகள்.

அந்த மாலைக் கட்டுவதற்கு முன் மார்க்கம் நகரில் எத்தனை எதிர்ப்பு! ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள் ஊரை மாற்றிவிடுவார்கள் என்று பயந்தார்கள். நம்முடைய புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் ஸ்காபரோவில் ஒன்றாய்ச் சேர்ந்தபோது நாமும் அத்தகைய பேச்சைக் கேட்டவர்கள்தான். அதனால் அந்தச் சிறு கடைக்காரர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம்.

மேல்மாடியில் டிராகன் தாடி மிட்டாய் செய்வதை நீ நின்று பார்த்தது நினைவிருக்கிறதா? சீனிப்பாகு வளையத்தை மாவில் புரட்டி இழுப்பார்கள், எட்டுப்போல் முறுக்கி மடிப்பார்கள், மறுபடி இழுப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் இழை இரட்டிக்கும், பத்து மடிப்பில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நம் தும்பு முட்டாஸ் போல வாயில் வைத்ததும் கரையும், ஆனால் உள்ளே வேர்க்கடலையும் எள்ளும் பல்லில் கடிபடும். அதை வாங்கினால் அங்கேயே நின்று தின்றுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் இளகிவிடும்.

ஜின்செங் கடையில் அப்பாவுக்கும் கொஞ்சம் வேர் வாங்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் வைத்தியரிடம் முதலில் கேட்டுவிடுகிறேன்.

சனி ஞாயிறில் வாகனம் நிறுத்த இடம் தேடியே களைத்துவிடுவோம். கிழமை நாளில் 43ஆம் இலக்க கென்னடி பஸ்ஸில் போவோம். எந்தத் திகதிக்கு டிக்கெட் போட்டாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா